சிறுநீரகம் செயலிழந்தவரின் சாப்பாட்டுத் தட்டு

ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டால், அக்கம்பக்கத்திலிருந்து முதலில் வரும் யோசனை வாழைத்தண்டுச் சாறு. அடுத்தது நிறையத் தண்ணீர். அதற்கடுத்தது இளநீர். சொல்பவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் இவையெல்லாம் சிறுநீரகக் கல் வந்தவருக்கான யோசனைகள். கல் வந்தவரின் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கிறது. குடித்த தண்ணீரை வெளியேற்றிவிடும், கல்லையும் சேர்த்துத் தள்ளிவிடக்கூடும். செயலிழப்பில் வெளியேற்றுகிற அந்த வேலைதான் குறைந்துபோயிருக்கிறது. முற்றிய நிலையில் குடித்த தண்ணீர் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் தேங்குகிறது. ஒரு பெரிய டம்ளர் இளநீரில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அது வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறும்.

இந்தத் தவறு ஒரு பக்கம் என்றால், அதற்கு நேர் எதிரான தவறு இன்னொரு பக்கம். நோய் உறுதியானதும் கையில் ஒரு பட்டியல் வந்து சேர்கிறது. வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, கீரை கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது, தேங்காய் கூடாது. நம்மூரில் சிறுநீரகம் பழுதாவதற்குப் பெரும் காரணம் சர்க்கரை நோய் என்பதால், அந்த வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும்: அரிசி குறை, கிழங்கு தவிர், இனிப்பு தொடாதே. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் மிஞ்சுவது கஞ்சிதான். அந்தக் கஞ்சியைக் குடித்துக் குடித்தே உடம்பு கரைந்துபோனவர்கள் ஏராளம். சிறுநீரக நோயாளியின் உணவைப் பற்றி 80 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வு நடந்திருக்கிறது. அதிலிருந்து நமக்குக் கிடைப்பது ‘கூடாது’ பட்டியல் அல்ல. எதை எப்போது எவ்வளவு குறைப்பது, எதைக் குறைக்கவே கூடாது என்ற வரிசை. அந்த வரிசைதான் நம் வீடுகளில் தலைகீழாகக் கிடக்கிறது.

டயாலிசிஸ் பரவலாவதற்கு முன் உணவைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. 1939 வாக்கில் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், சிறுநீரக நோயும் கடும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அரிசிச் சோறு, பழம், சர்க்கரை மட்டும் கொடுத்துப் பார்த்தார். உப்பு அறவே இல்லை. புரதம் நாளுக்கு 20 கிராம் அளவில்தான். பலருக்கு அழுத்தம் இறங்கியது, வீக்கம் வடிந்தது. 1963-64இல் இத்தாலியில் ஜொர்தானோவும் ஜொவன்னெட்டியும் புரதத்தை மிகவும் குறைத்து, கொடுக்கும் கொஞ்சத்தையும் தரமானதாகக் கொடுத்தால் யூரியாவால் வரும் குமட்டலும் வாந்தியும் அடங்குவதைக் காட்டினார்கள். புரதம் செரித்து மிஞ்சும் கழிவுதான் யூரியா. உள்ளே போவது குறைந்தால் தேங்குவதும் குறையும்.

புரதத்தைக் குறைத்தால் நோயின் வேகமே குறையுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடி அமெரிக்காவில் 840 நோயாளிகளைக் கொண்டு நடந்த எம்.டி.ஆர்.டி. ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. குறைத்தவர்களுக்குச் சற்று நன்மை இருப்பதுபோல் தெரிந்தது, அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதன்பின் வந்த வழிகாட்டுதல்கள் ஒரு நடுவழிக்கு வந்திருக்கின்றன. டயாலிசிஸ் தொடங்காத, நோய் நடுக்கட்டத்தை எட்டியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்கிறது 2024இல் வந்த கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் பன்னாட்டு வழிகாட்டுதல். அதற்கும் கீழே 0.6 வரை இறங்க வேண்டுமானால் உணவியல் நிபுணரின் நேரடிக் கண்காணிப்பு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 0.8 என்றால் நாளுக்கு 48 கிராம். சைவச் சாப்பாடு சாப்பிடும் நம் வீடுகள் பலவற்றில் சாதாரணமாகவே அவ்வளவு போவதில்லை. இறைச்சித் துண்டை மலைபோல் தட்டில் வைத்துச் சாப்பிடும் நாட்டுக்காரருக்குச் சொன்ன ‘புரதத்தைக் குறை’ என்ற வாக்கியத்தை, இரண்டு கரண்டி சாம்பாரும் மோரும் சாப்பிடுபவரிடம் அப்படியே சொன்னால் அவர் எதைத்தான் குறைப்பார்?

இதைவிட முக்கியமான திருப்பம் டயாலிசிஸ் தொடங்கும் நாளில் வருகிறது. அன்றோடு புரதக் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு முறை இரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் கழிவோடு சேர்ந்து போய்விடுகின்றன. அதை ஈடுகட்ட கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். நாலு இட்லி, மூன்று கிண்ணம் சோறு, ஒரு கைப்பிடிப் பருப்பு, ஒரு டம்ளர் தயிர் எல்லாம் சேர்ந்தால் 35 கிராம் தேறும். மீதிக்கு மூன்று முட்டை வெள்ளைக்கரு, ஒரு துண்டு மீன் அல்லது கோழி வேண்டும். சைவர்கள் பருப்பையும் தயிரையும் பனீரையும் திட்டமிட்டுக் கூட்ட வேண்டும். ஆனால் நேற்றுவரை “புரதம் ஆகாது” என்று கேட்டுப் பழகிய குடும்பத்துக்கு இன்று முதல் அது மருந்து என்று உட்கார வைத்துச் சொல்ல யாரும் இருப்பதில்லை. பழைய பட்டியல் அப்படியே தொடர்கிறது. சதை கரைகிறது, இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இறங்குகிறது. அல்புமின் இறங்க இறங்க மரண அபாயம் ஏறுகிறது என்பது டயாலிசிஸ் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான ஒன்று. பொதுவாக எடை கூடினால் ஆயுள் குறையும் என்பார்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் சற்றுப் பருமனானவர்கள் ஒல்லியானவர்களைவிட அதிக நாள் இருக்கிறார்கள்.

டயாலிசிஸ் பிரிவில் வாசலை ஒட்டி ஓர் எடை மேடை இருக்கும். படுக்கைக்குப் போகும் முன் எல்லோரும் அதில் ஏறி இறங்க வேண்டும். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஏறி நின்றபோது நடந்த பேச்சு இது.

“அம்மா, மூணரை கிலோ ஏறியிருக்கே. என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமே சாப்பிடல தம்பி. சோறே எறங்கல. ரெண்டு நாளா வெறும் கஞ்சிதான்.”

“கஞ்சிக்குத் தொட்டுக்க?”

“நார்த்தங்காய்தான். வாய்க்கு வேற எதுவும் புடிக்கல.”

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை பத்தியமாகத்தான் இருந்திருக்கிறார். ஏறிய மூன்றரை கிலோவில் சதை துளியும் இல்லை, முழுக்க நீர். கஞ்சி நீர், நார்த்தங்காய் உப்பு. உடம்பில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது. வெளியேற வழியில்லாதபோது 9 கிராம் உப்பு உள்ளே போனால், ஒரு லிட்டர் தண்ணீரைத் தேடிக் குடித்து அதைக் கரைக்கும்வரை தாகம் விடாது. “தண்ணீரைக் குறையுங்கள்” என்று மட்டும் சொல்லி உப்பைப் பற்றிப் பேசாமல் விடுவது நோயாளியைத் தாகத்தோடு சண்டைக்கு அனுப்புவதற்குச் சமம். தாகம்தான் ஜெயிக்கும். சிறுநீரக உணவில் முதலில் குறைக்க வேண்டியது எது என்று கேட்டால் நான் உப்பு என்றுதான் சொல்வேன். தொடக்க நிலை நோயாளிக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் பொதுவாகப் பொருந்தும் கட்டுப்பாடு அது. இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் குறைக்கிறது. சிறுநீரகம் காக்க வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளும் உப்பு குறைந்தால்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன.

நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். இந்தியர்கள் சாப்பிடுவது 8 முதல் 11 கிராம் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் சமையலில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் பழகிய இடங்கள்தான்: ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், வற்றல், இட்லி மாவு, இட்லிப் பொடி. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம். இந்துப்பு நல்லது என்று நம்பி மாறியவர்கள் நிறைய. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அதில் கிடைப்பது மன ஆறுதல் மட்டும். ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் பாக்கெட் உப்பு இன்னும் மோசம். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடைக் கலக்கிறார்கள். இரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது நல்லது, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஆபத்து.

ஒரு வீட்டில் பார்த்த வழி எளிமையாக இருந்தது. காலையில் நோயாளிக்கான உப்பை ஒரு சின்னச் சம்புடத்தில் அளந்து வைத்துவிடுகிறார்கள். குழம்பும் பொரியலும் உப்பில்லாமல் வேகும். அவர் பங்கை எடுத்தபின் அந்தச் சம்புடத்திலிருந்து அவர் தட்டில் போடுகிறார்கள். பிறகுதான் மற்றவர்களுக்கான உப்பு சட்டியில் விழும். மேலாகத் தூவிய உப்பு நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சமே போதுமானதாக இருக்கிறது. எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, மல்லித்தழை எல்லாம் உப்பின் குறையை மறக்கடிக்கும். நீருக்கும் அதே வழி: அனுமதித்த அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பது, காபியோ ரசமோ மோரோ எது குடித்தாலும் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவது. அளவு எவ்வளவு? முந்தைய நாள் போன சிறுநீரோடு அரை லிட்டர் என்பது பொதுக் கணக்கு. டயாலிசிஸில் மணிக்குக் கிலோவுக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் இழுத்தால் இதயத்துக்குச் சேதம் என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. 50 கிலோ உடம்பில் நாலு மணி நேரத்தில் பத்திரமாக இழுக்கக்கூடியது இரண்டரை லிட்டர் சொச்சம். மூன்றரை கிலோ ஏறி வந்தவருக்குக் கெண்டைக்கால் பிடிப்பும் மயக்கமும் வருவது இதனால்தான்.

பொட்டாசியத்துக்கு வருவோம். பட்டியல்களில் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்வது இதுதான். அதிகம் அவசரப்பட்டு வெட்டப்படுவதும் இதுதான். இரத்தத்தில் இது 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். 6ஐத் தாண்டினால் கவலை, 6.5 என்றால் அவசர சிகிச்சை. அந்த ஆபத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் 4.4 இருக்கிற ஒருவர் ஏன் பழமே தொடாமல் இருக்க வேண்டும்? தொடக்கக் கட்டங்களில் பலருக்குப் பொட்டாசியம் ஏறுவதே இல்லை. ஏறினாலும் காரணம் சாப்பாடாக மட்டும் இருக்காது. இரத்த அழுத்த மாத்திரைகள் சில ஏற்றும், வலி மாத்திரை ஏற்றும், இரத்தத்தில் அமிலம் கூடினால் ஏறும். மலச்சிக்கலும் ஏற்றும். சிறுநீரகம் கைவிட்டபின் பொட்டாசியத்தின் ஒரு பகுதியைக் குடல்தான் வெளியேற்றுகிறது. காயையும் பழத்தையும் நிறுத்தி நார்ச்சத்தை ஒழித்து, மலச்சிக்கலை வரவழைத்துக்கொண்டால் எதற்காக நிறுத்தினோமோ அதுவே கெட்டுவிடுகிறது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 8,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், காய்பழம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. காய்பழம்தான் காப்பாற்றியது என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. ஒட்டுமொத்தத் தடைக்கு ஆதாரம் பலமாக இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

குறைக்க வேண்டியவர்களுக்குச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. பொட்டாசியம் நீரில் கரையும். காயைச் சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உருளைக்கிழங்கை ஒருமுறை கொதிக்க வைத்து வடித்து, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்தால் ஊறவைப்பதைவிட அதிகம் இறங்கும். ஆவியில் வேகவைத்தாலும் குக்கரில் அளவான தண்ணீர் விட்டாலும் பயனில்லை. சாம்பாரில் இது தலைகீழாக நடக்கிறது. முருங்கைக்காயும் தக்காளியும் பருப்பும் தம் பொட்டாசியத்தைச் சாற்றில் விட்டுவிடுகின்றன. நோயாளிக்குக் “காய் வேண்டாம், சாறு மட்டும் ஊத்து” என்று ஊற்றுகிறார்கள். விட வேண்டியதைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதை எடுத்துவிடுகிறோம். காயைத் தனியே வேகவைத்து வடித்துவிட்டுக் கெட்டியான பருப்போடு சேர்த்துக் கூட்டாகச் செய்வது நல்லது. சுரை, புடலை, பீர்க்கு, முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஆப்பிள், பேரிக்காய், அன்னாசியில் நாளுக்கு ஒரு சிறு பங்கு பெரும்பாலோருக்கு ஆகும்.

ஒரு பழத்துக்கு மட்டும் விலக்கில்லாத தடை. நட்சத்திர வடிவில் வெட்டுப்படும் ஸ்டார் ஃப்ரூட்டில் கேரம்பாக்ஸின் என்ற நச்சு இருப்பதை 2013இல் பிரேசில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும். அதன் உறவான பிலிம்பிக் காயைச் சாறெடுத்துக் குடித்த கேரளத்துக்காரர்களுக்கு ஆக்சலேட் படிந்து நல்ல சிறுநீரகமே பழுதான செய்தி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்காகக் கேழ்வரகுக்கும் கம்புக்கும் கோதுமைக்கும் மாறியவர்கள், சிறுநீரகம் முற்றிப் பழுதானபின் பொட்டாசியமோ பாஸ்பரஸோ ஏறினால் அரிசிக்குத் திரும்ப நேரும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் வெள்ளை அரிசியில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் தலா 100 மில்லிகிராம் அளவில்தான். கேழ்வரகில் பாஸ்பரஸ் 200க்கு மேல், பொட்டாசியம் 400க்கு மேல். வடித்த சோற்றைக் குற்ற உணர்வில்லாமல் சாப்பிடலாம், சர்க்கரையை அளந்து பார்த்துக்கொண்டே. சிறுநீரகம் செயலிழக்கும்போது இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்குகிறது. சர்க்கரை தானாக இறங்குவதைப் பார்த்து நோய் குணமாகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். பழைய அளவு ஊசியே தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வந்து விழுந்துவிடுவார்கள். அப்போது பழச்சாறு வேண்டாம், குளுக்கோஸோ சர்க்கரைக் கரைசலோ போதும்.

பாஸ்பரஸ் மெதுவாகக் கொல்வது. எலும்பைக் கரைக்கும், இரத்தக்குழாயைச் சுண்ணாம்பாக்கும், தோலில் தாங்க முடியாத அரிப்பைத் தரும். கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 1,000 மில்லிகிராம் சாப்பிட்டு 60 விழுக்காடு உடம்பில் சேர்ந்தால் வாரத்துக்கு 4,200. ஒரு டயாலிசிஸில் 800 போகும். வாரம் மூன்று என்றால் 2,400. நம் ஊரில் பலர் வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள்: 1,600. மிச்சத்தைத் தடுக்கத்தான் செவலமர், கால்சியம் அசிடேட் மாத்திரைகள். அவை சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைப்பவை. சாப்பாட்டோடு விழுங்கினால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மற்ற மாத்திரைகளோடு போட்டால் காசுதான் வீண். பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸில் பாதி கூட உடம்பில் ஏறுவதில்லை. பாக்கெட் உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ கிட்டத்தட்ட முழுவதும் ஏறும். ஆகவே பருப்பை வெட்டும் முன் கோலாவையும் சீஸையும் உடனடி நூடுல்ஸையும் வெட்ட வேண்டும். உறையின் பின்புறம் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 338 முதல் 341, 450 முதல் 452 என்ற எண்கள் இருந்தால் அதில் பாஸ்பேட் இருக்கிறது. புரதம் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டாம் என்பவருக்கு முட்டை வெள்ளைக்கருவுக்கு ஈடு இல்லை.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தக் கணக்குகள் மாறும். அன்றாடம் சுத்திகரிப்பு நடப்பதால் பொட்டாசியம் குறைந்துபோவதும் உண்டு; அவர்களுக்கு வாழைப்பழம் சாப்பிடச் சொல்ல வேண்டிவரும். புரத இழப்பு இன்னும் அதிகம், திரவத்திலுள்ள குளுக்கோஸ் சேர்ந்து எடையும் ஏறும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குப் பசி திரும்பும், சர்க்கரை எட்டிப்பார்க்கும். அவர்களில் டாக்ரோலிமஸ் மருந்து எடுப்பவர்கள் பம்பளிமாஸைத் தொடக்கூடாது; இரத்தத்தில் மருந்தின் அளவை அது ஏற்றிவிடும்.

மூலிகைக் கஷாயங்களைப் பற்றிப் பேசினால் சிலருக்கு மனம் வருந்தும். ஆனாலும் சொல்ல வேண்டும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று கொடுக்கும் மூக்கிரட்டையில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க அந்த இன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதானது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மரபு மருந்து சாப்பிட்டவர்களிடம் ஒருவகைச் சிறுநீரக வடிகட்டி நோய் வருவதையும், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்ததையும், நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறியதையும் காட்டியது. யார் கொடுத்த மருந்தானாலும் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்தப் பிரிவுகளில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் இயந்திரத்துக்குக் காசு கட்டும் ஏற்பாட்டில் சாப்பாட்டுக்கு இடமில்லை. காசநோயாளிக்கு மாதந்தோறும் ஊட்டச்சத்துக்கென ஒன்றிய அரசு 2018 முதல் பணம் தருகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு நாடு தழுவிய அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. டயாலிசிஸின்போது சாப்பிட்டால் இரத்த அழுத்தம் இறங்கும் என்று பல இடங்களில் தடுக்கிறார்கள். சிறுநீரக நோய் ஊட்டச்சத்துக்கான பன்னாட்டுச் சங்கம் 2018இல் இதை ஆராய்ந்து, அழுத்தம் நிலையாக இருப்பவர்களுக்குச் சிகிச்சையின்போதே புரத உணவு கொடுக்கலாம், கொடுப்பது நல்லது என்றது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை கொடுத்துப் பழகிய மாநிலம் இது. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் நோயாளிக்கு இரண்டு வேகவைத்த முட்டை, முட்டை சாப்பிடாதவருக்கு உப்பில்லாத சுண்டல் அல்லது பனீர், ஒவ்வொரு பிரிவுக்கும் மாதத்தில் இரண்டு நாளாவது இரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஓர் உணவியல் நிபுணர். காப்பீட்டுத் தொகுப்பில் இவற்றையும் சேர்க்க ஆகும் செலவு, சத்துக் குறைந்து கிருமித் தொற்றோடு மறுபடி மறுபடி வார்டில் சேர்பவர்களுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.